பெல்கிரேடில் கார் எடுத்து பால்கன் சுற்றுவது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

மோக்ரா கோரா என்ற மலைக் கிராமத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் செர்பியா முடிந்து போஸ்னியா தொடங்குகிறது. செர்பியச் சாவடியில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். போஸ்னியச் சாவடிக்காரர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு வண்டியின் தாள்களைக் கேட்டார். கொடுத்தோம். அதில் ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என்னையும் பக்கத்தில் இருந்த நண்பனையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியை எல்லை தாண்டி ஓட்டிப் போக உரிமையாளர் தரும் அனுமதித் தாள் அது. அதில் நண்பன் பெயர் மட்டும்தான் இருந்தது. என்னை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்க்கத் தனியாகப் பணம் வாங்கிய, காரை எங்களுக்கு விட்ட வாடகைக்காரர்கள், ஒப்பந்தத்தில் பெயரைச் சேர்த்துவிட்டு இந்தத் தாளில் விட்டுவிட்டார்கள். நாங்களும் படித்துப் பார்க்கவில்லை. நல்ல மனிதர், திருப்பி அனுப்பவில்லை. இறங்கி இடம் மாறிக்கொள்ளச் சொன்னார். முந்தைய இரவு விமானத்தில் கண்ணே மூடாத நண்பன்தான் அங்கிருந்து போஸ்னியத் தலைநகர் சரயேவோ வரை ஓட்டினான்.

அதனால் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கார் எடுப்பது பற்றி யார் கேட்டாலும் நான் தாள்களில்தான் தொடங்குவேன். சாவி கைக்கு வர அரை மணி நேரம் போதும். ஆனால் பழைய யூகோஸ்லாவியா இருந்த இடத்தில் இன்று ஏழு நாடுகள். அப்போது ஒரே நாட்டுக்குள் ஓடிய சாலை இப்போது இரண்டு மூன்று எல்லைச் சாவடிகளைக் கடக்கிறது. பாதையை வரைவதற்கு முன் உங்கள் தாளும் வண்டியின் தாளும் எதுவரை செல்லும் என்று பார்த்துவிட வேண்டும்.

ஏன் பெல்கிரேட்? நடுவில் இருக்கிறது என்பதுதான் காரணம். வடக்கே ஹங்கேரிக்கும் தெற்கே நீஷ் வழியாக வட மாசிடோனியாவுக்கும் ஏ1 நெடுஞ்சாலை போகிறது. மேற்கே குரோஷியாவின் ஸாக்ரெப் நோக்கி ஏ3. நீஷிலிருந்து பல்கேரியாவுக்கு ஏ4. தென்மேற்கே மலைகளை நோக்கி ஏ2. ஸாக்ரெப், பல்கேரியாவின் சோஃபியா இரண்டும் ஏறத்தாழ 400 கி.மீ., வட மாசிடோனியாவின் ஸ்கோப்யே கொஞ்சம் கூடுதல். சரயேவோ 300 கி.மீ.தான், ஆனால் மலைச்சாலை என்பதால் ஐந்து ஆறு மணி நேரம் ஆகிவிடும். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

முதல் படி: நாடுகளின் பட்டியல்

வண்டி தேடும் முன் ஒரு காகிதத்தில் போக நினைக்கும் நாடுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்வி. நான் உள்ளே போகலாமா? வண்டி உள்ளே போகலாமா?

முதல் கேள்வி உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. பிரிட்டன், ஜெர்மனி, கனடா போன்ற நாடுகளின் குடியுரிமை வாங்கிய தமிழர்களுக்கு இங்கே பெரும்பாலும் விசாத் தொல்லை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்பு செர்பியாவில் விசா தேவைப்படவில்லை. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது), பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா கையில் இருந்தால் செர்பியாவுக்குத் தனி விசா வேண்டாம், 90 நாள் வரை தங்கலாம். போஸ்னியாவும் மான்டினீக்ரோவும் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவை ஏற்று 30 நாள் வரை அனுமதிக்கின்றன. வட மாசிடோனியாவில் 15 நாள். இந்த விதிகள் சொல்லாமல் மாறும் பழக்கம் உள்ளவை. டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பல்கேரியா, ருமேனியா இரண்டின் தரை எல்லைகளும் 2025 ஜனவரி 1 முதல் அப்படித்தான். ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசாவோடு வியன்னாவில் இறங்கி, பெல்கிரேட் வந்து கார் எடுத்து, சரயேவோ பார்த்துவிட்டு, ‘பக்கத்தில்தானே துப்ரோவ்னிக்’ என்று குரோஷிய எல்லைக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். உங்கள் ஒரே நுழைவு வியன்னாவில் முடிந்துபோனது. ஊர் திரும்பும் விமானம் ஷெங்கன் நாட்டிலிருந்து என்றால் தலைவலி இன்னும் பெரிது. பலமுறை நுழையும் விசா இல்லாமல் இந்தப் பயணத்தையே யோசிக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, வண்டியுடையது. போஸ்னியா, மான்டினீக்ரோ, குரோஷியா, ஹங்கேரி ஆகியவற்றுக்குப் பெல்கிரேட் நிறுவனங்கள் வழக்கமாக அனுமதி தருகின்றன. அல்பேனியாவுக்குச் சிலர் தருவார்கள், பலர் மாட்டார்கள். கொசோவோவுக்குப் பெரும்பாலும் கிடையாது. கொசோவோ 2008இல் விடுதலையை அறிவித்தது. செர்பியா அதை ஏற்கவில்லை. செர்பிய வண்டிக் காப்பீடு அங்கே செல்லுமா என்றும் கேட்டுவிட வேண்டும். அதைவிட முக்கியமான சிக்கல்: வட மாசிடோனியா வழியாகவோ விமானத்திலோ கொசோவோவுக்குள் போய்விட்டு அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குள் நுழைய முடியாது. செர்பியாவின் கணக்கில் நீங்கள் அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவர். செர்பியாவிலிருந்து போய்ச் செர்பியாவுக்கே திரும்புவதில் இந்தச் சிக்கல் இல்லை. கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் காரைப் பெல்கிரேடில் எடுக்காமல் ஸ்கோப்யேவில் எடுப்பது நல்லது. அங்கேயும் கேட்டுக்கொண்டுதான்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

சர்வதேச ஓட்டுநர் அனுமதி. தமிழ்நாட்டில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், இணையத்தில் சாரதி தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். இது மொழிபெயர்ப்பு மாதிரிதான், அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். ‘எங்கள் லைசென்ஸ் அட்டையில்தான் ஆங்கிலம் இருக்கிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். வாடகைக்காரர் பேசாமல் இருக்கலாம். விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் பேசுவார்.

கிரெடிட் கார்டு. ஓட்டப்போகும் முதன்மை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் கார்டு, மனைவி பெயரில் இருக்கும் கார்டு எல்லாம் கவுன்டரில் எடுபடாது. டெபாசிட் தொகையைக் கார்டில் முடக்கி வைப்பார்கள். வண்டியைப் பொறுத்துச் சில நூறு யூரோவில் தொடங்கும் தொகை அது, எனவே கார்டின் வரம்பில் அவ்வளவு இடம் வேண்டும். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடித்தான் இருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். டெபிட் கார்டையோ ரொக்கத்தையோ டெபாசிட்டாக ஏற்கும் உள்ளூர் நிறுவனங்கள் உண்டு. ரொக்கம் என்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

வயது பொதுவாக 21 முடிந்திருக்க வேண்டும், லைசென்ஸ் வாங்கி ஓரிரு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். 25க்குக் கீழே இருப்பவர்களிடம் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்குவார்கள்.

முன்பதிவும் அந்த மின்னஞ்சலும்

ஜூலை, ஆகஸ்டில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேலை செய்யும் செர்பியர்கள் கூட்டமாக ஊர் திரும்புவார்கள், நம் ஊர்த் தீபாவளி மாதிரி. வாடகை எகிறும், எல்லைகளில் வரிசை நிற்கும். மே கடைசியும் செப்டம்பரும்தான் என் தேர்வு.

ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பே குறிப்பிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் கையால் மாற்றும் கியர் வண்டிதான் வரும். இடதுபுறம் ஓட்டிப் பழகிய நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. வலது பக்கச் சாலை, இடது பக்க ஸ்டீயரிங், வலது கையில் கியர் என்று எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். போதாக்குறைக்கு, மாருதி ஓட்டியவர்களுக்கு இண்டிகேட்டர் வலது கையில், இங்கே இடது கையில். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரைப் போட்டு வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நான் போகும் நாடுகள் இவை, பெயர் பெயராக, அனைத்துக்கும் அனுமதி உண்டா? எல்லை தாண்டக் கட்டணம் எவ்வளவு, ஒருமுறையா நாள்தோறுமா? இரண்டாவது ஓட்டுநருக்கு எவ்வளவு? கிலோமீட்டர் வரம்பு உண்டா? விபத்தில் என் தலையில் விழும் தொகை எவ்வளவு? டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்? ஒப்பீட்டுத் தளங்களில் மலிவாகத் தெரியும் வாடகை, இந்தப் பதில்களைக் கூட்டிய பிறகு பெரும்பாலும் மலிவாக இருப்பதில்லை.

கவுன்டரில்

பெல்கிரேடின் நிகோலா டெஸ்லா விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 18 கி.மீ. பெரிய நிறுவனங்களின் கவுன்டர்கள் அங்கேயே உண்டு. உள்ளூர்க்காரர்கள் பெயர்ப் பலகையோடு வந்து வாகன நிறுத்தத்தில் வண்டியைத் தருவார்கள். இரண்டாவது வகை பார்க்கக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கும், ஆனால் இங்கே அது சாதாரணம்.

கையில் வாங்க வேண்டிய தாள்கள் நான்கு. வாடகை ஒப்பந்தம். வண்டியின் பதிவுச் சான்று, ‘சாஓப்ராச்சாய்னா தோஸ்வோலா’ என்பார்கள். வெளிநாட்டில் காப்பீடு செல்லும் என்பதைக் காட்டும் பச்சை அட்டை, ‘ஸெலேனி கார்ட்டோன்’. அதில் நீங்கள் போகும் நாட்டின் கட்டம் அடிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எல்லை தாண்டும் அனுமதி, ‘ஓவ்லாஷ்சேனியே’. ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இதில் இருக்க வேண்டும். நம் பெயர்களில் முதலெழுத்து, தந்தை பெயர், குடும்பப் பெயர் எல்லாம் கலந்து கிடக்கும். லைசென்ஸில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. கவுன்டரில் இருப்பவர் எதை எடுத்து எழுதினார் என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நான் பார்க்காததன் விலையை மேலே சொல்லிவிட்டேன்.

காப்பீடு அடுத்தது. அடிப்படை வாடகையிலேயே மோதல் சேதக் காப்பு இருக்கும், ஆனால் குறிப்பிட்ட தொகை வரை உங்கள் பொறுப்பு. அதை இறக்கவோ முழுக்க நீக்கவோ நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் காப்பு விற்பார்கள். மலைச்சாலைப் பயணம் என்றால் நான் வாங்கிவிடுவேன். வாங்கும்போதே எது இதில் அடங்காது என்று கேளுங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, சாவி, கிளட்ச் ஆகியவை பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். கற்சாலையில் அடிப்பகுதி உரசுவதும் டயர் கிழிவதும்தான் இங்கே அதிகம் நடப்பவை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வண்டியைச் சுற்றி நிதானமாக ஒரு காணொளி எடுங்கள். நான்கு பக்கம், கூரை, முன்கண்ணாடி, ஒவ்வொரு சக்கரமும், பம்பரின் கீழ் விளிம்பு, எரிபொருள் முள், ஓடிய கிலோமீட்டர். பின்பெட்டியில் எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி, முதலுதவிப் பெட்டி, மாற்றுச் சக்கரம் இருக்கின்றனவா என்று பாருங்கள். நவம்பர் முதல் நாளிலிருந்து ஏப்ரல் முதல் நாள் வரை செர்பியச் சாலையில் பனி படிந்திருந்தால் நான்கும் குளிர்கால டயராக இருக்க வேண்டும். போஸ்னியாவில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலச் சாதனங்கள் கட்டாயம். அந்த மாதங்களில் போகிறவர்கள் சக்கரச் சங்கிலியையும் கேட்டு வாங்குங்கள்.

நகரத்துக்குள் கார் வேண்டாம்

பெல்கிரேடில் இரண்டு நாள் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்த இரண்டு நாளும் கார் எடுக்காதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் நகரப் பேருந்து, டிராம், டிராலி பேருந்து எல்லாம் எல்லோருக்கும் இலவசம். காருக்கோ தெருவில் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மண்டல நிறம் பாருங்கள். சிவப்பில் ஒரு மணி நேரம், மஞ்சளில் இரண்டு, பச்சையில் மூன்று. கட்டணம் செல்பேசிக் குறுஞ்செய்தியில். வண்டி எண்ணை இடைவெளி இல்லாமல் தட்டி 9111, 9112, 9113 என்று மண்டலத்துக்கேற்ப அனுப்ப வேண்டும். இதற்கு உள்ளூர் சிம் தேவை. நம் ஊர் ரோமிங் எண்ணிலிருந்து இது நடக்காது. பொதுக் கட்டணக் கராஜில் விட்டுவிடுவது நிம்மதி. தப்பாக நிறுத்தினால் தூக்கிக்கொண்டு போகும் வண்டிக்கு இவர்கள் வைத்த பெயர் ‘பௌக்’, சிலந்தி. நான்கு கால் விரித்துக் காரைத் தூக்குவதைப் பார்த்தால் பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும், அது உங்கள் கார் இல்லாதவரை. மஞ்சள் கோடிட்ட பேருந்துத் தடத்திலும் ஏறாதீர்கள். அபராதம் வாடகைக்காரருக்குப் போய், சேவைக் கட்டணம் சேர்ந்து உங்கள் கார்டுக்கு வரும்.

நெடுஞ்சாலை

நகரம் தாண்டியதும் சாலை அருமை. வேக வரம்பு நெடுஞ்சாலையில் 130, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 80, ஊருக்குள் 50. பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், போஸ்னியாவிலும் மான்டினீக்ரோவிலும் இதே விதிதான். எதிரே வரும் வண்டி இரண்டு முறை விளக்கை மினுக்கினால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். நம் ஊர் லாரிக்காரர்களின் அதே மொழி.

செர்பியாவில் ரத்தத்தில் அனுமதிக்கும் மது 0.2 புரோமில், அதாவது ஆயிரத்தில் 0.2 பங்கு. போஸ்னியாவிலும் மான்டினீக்ரோவிலும் 0.3. தங்கும் வீட்டுக்காரர் காலையிலேயே ஒரு குட்டிக் கோப்பையில் ரக்கியா என்ற பழச் சாராயத்தை ஊற்றி நீட்டுவார், மறுத்தால் முகம் வாடும். நெஞ்சில் கைவைத்து ‘வோஸிம்’ என்று சொல்லுங்கள். ‘வண்டி ஓட்டுகிறேன்’ என்று பொருள். உடனே விட்டுவிடுவார்கள்.

சுங்கச்சாவடியில் நுழையும்போது பொத்தானை அழுத்திச் சீட்டு எடுக்க வேண்டும், வெளியேறும்போது ஓடிய தூரத்துக்குப் பணம். சீட்டைத் தொலைத்தால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணம் கேட்பார்கள். ‘ஈ.என்.பி.’ என்று மட்டும் எழுதிய தடம் நம் ஃபாஸ்டேக் போன்ற கருவி உள்ளவர்களுக்கு, அதில் நுழைந்துவிட்டால் பின்னால் ஹாரன் கச்சேரிதான். செர்பியப் பணமான தினார், யூரோத் தாள், கார்டு மூன்றும் செல்லும். யூரோவுக்கு மீதி தினாரில்தான் வரும். ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியாவில் சாவடிச் சீட்டு முறை இல்லை. வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்தில் சாலை வரி கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். எல்லை தாண்டியதும் முதல் பெட்ரோல் பங்கிலும் கட்டலாம், மறந்தால் கேமரா மறக்காது.

பங்கில் டீசலுக்கு ‘எவ்ரோ டீஸெல்’, பெட்ரோலுக்கு ‘பென்ஸின்’. எரிபொருள் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். தவறான எரிபொருளால் வரும் சேதத்தைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது.

செர்பியாவில் பலகைகள் பெரும்பாலும் சிரிலிக் (ரஷ்ய மொழி எழுத்து போன்றது), லத்தீன் (ஆங்கில எழுத்து போன்றது) இரண்டிலும் இருக்கும். போஸ்னியாவின் செர்பியப் பகுதிகளில் சில இடங்களில் லத்தீன் எழுத்தின் மேல் சாயம் பூசியிருப்பார்கள். நான்கு எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிப் பலகை புரியும். ஆங்கில ‘பீ’ (P) போலத் தெரிவது ‘ர’, ‘ஸீ’ (C) போலத் தெரிவது ‘ஸ’, ‘எச்’ (H) போலத் தெரிவது ‘ந’, இரண்டு வயிறுள்ள ‘பி’ (B) போலத் தெரிவது ‘வ’.

எல்லைச் சாவடியில்

இரண்டு சாவடி, இடையில் சில நூறு மீட்டர். முதலில் வெளியேறும் நாடு, அடுத்து நுழையும் நாடு. எஞ்சினை அணைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, எல்லோர் பாஸ்போர்ட்டையும் வண்டித் தாள்களையும் ஒரே கட்டாகக் கொடுங்கள். விசா உள்ள பக்கத்தைத் திறந்து கொடுத்தால் பாதிக் கேள்வி குறையும். சின்னச் சாவடிகளில் இந்தியப் பாஸ்போர்ட் தினமும் வருவதில்லை. பெரியவரை அழைத்துக் கேட்பார்கள், கணினியில் நீண்ட நேரம் தட்டுவார்கள். அதற்குப் பதற வேண்டியதில்லை. முத்திரை விழுந்ததா என்று மட்டும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கோடையில் ஹங்கேரி பக்கம் ஹோர்கோஷ், குரோஷியா பக்கம் பத்ரோவ்ட்சி இரண்டும் மணிக்கணக்கில் நிறுத்தும். செர்பியாவின் ஆட்டோ மோட்டோ சங்கம் சாலை நிலவரத்தையும் எல்லைக் காத்திருப்பையும் இணையத்தில் தருகிறது. புறப்படும் முன் பார்ப்பது பழக்கமாகட்டும்.

பணம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. போஸ்னியாவில் மார்க், ஒரு யூரோவுக்கு 1.95583 என்று நிலையாகக் கட்டப்பட்டது. மான்டினீக்ரோவில் யூரோவேதான். சிறு நோட்டாக யூரோ இருந்தால் எங்கும் தப்பித்துவிடலாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு சுற்று

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பாதை இது. மூன்று நாடு, மூன்று எல்லை, கொசோவோ இல்லை, ஷெங்கன் இல்லை. அதனால் தாள் வேலை குறைவு.

பெல்கிரேடிலிருந்து ஏ2 பிடித்துச் சாச்சக், உஷித்ஸே வழியாக ஸ்லாத்திபோர் மலை. முதல் நாளுக்கு அது போதும், புது வண்டியோடு கை பழக வேண்டும். மறுநாள் மோக்ரா கோரா. அங்கே மலையேற எட்டுப் போல வளைந்து போகும் குறுகிய இருப்புப்பாதை ரயில் உண்டு, ஊட்டி ரயிலை விரும்பியவர்கள் விடக்கூடாது. அங்கிருந்து எல்லை தாண்டினால் விஷேகிராத். திரினா ஆற்றின் மேல் பதினொரு வளைவுகளோடு நிற்கும் மெஹ்மெத் பாஷா சோகோலோவிச் பாலம், ஒட்டோமான் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலைப் பனியில் பாருங்கள்.

விஷேகிராத் முதல் சரயேவோ வரை சுரங்கங்கள் வரிசையாக வரும், சிலவற்றில் விளக்கே இருக்காது. வெயிலிலிருந்து இருட்டுக்குள் பாய்ந்ததும் சில நொடிகள் கண் தெரியாது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே நுழையுங்கள். போஸ்னியாவில் இன்னொரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் முழுக்க அகற்றப்படவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும், படம் எடுக்கவோ ஒதுங்கவோ காட்டுக்குள்ளோ கைவிடப்பட்ட வீட்டுக்குள்ளோ போகாதீர்கள். தார்ச்சாலையும் பங்கும் போதும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போஸ்னியாவில் ‘புரெக்’ (மெல்லிய மாவில் சுருட்டிச் சுடும் பண்டம்) என்றால் உள்ளே இறைச்சி மட்டும்தான். பாலாடைக்கட்டி வைத்தது ‘சிர்னித்ஸா’, கீரை வைத்தது ‘ஸெல்யானித்ஸா’, உருளைக்கிழங்கு ‘க்ரொம்பிருஷா’. கடைசியது நம் உருளைக்கிழங்குப் போளி இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சரயேவோவிலிருந்து தெற்கே ஃபோச்சா வரை சாலை பரவாயில்லை. அதற்குப் பிறகு ஷ்ச்செபான் போல்யே எல்லை வரை ஒடுங்கிக்கொண்டே போகும், எதிரே பேருந்து வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். மான்டினீக்ரோவுக்குள் நுழைந்ததும் பீவா ஏரியின் மேலே பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகச் சாலை ஏறுகிறது. இந்தப் பயணத்தில் நான் அடிக்கடி வண்டியை நிறுத்தியது இங்கேதான். பிளூஷினே ஊருக்கு முன்பே இடதுபுறம் ஒரு சின்னச் சாலை சுரங்கத்துக்குள்ளேயே பிரிந்து துர்மிட்டோர் மலைமேல் ஏறி ஷாப்லியாக்கில் இறங்கும். 1907 மீட்டர் உயரத்தில் செட்லோ கணவாயைக் கடக்கும் அந்த ஒற்றைத் தடச் சாலையில் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். கோடையில்கூட மழை நாளில் நான் போக மாட்டேன்.

ஷாப்லியாக்கிலிருந்து தாரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 1940இல் கட்டி முடித்த ஜுர்ஜெவிச்சா பாலம். ஆற்றிலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரம். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், இரு முனையிலும் இடம் உண்டு. அங்கிருந்து பியேலோ போல்யே வழியாகக் கோஸ்டுன் எல்லை, பிரியேபோல்யே, மறுபடி ஸ்லாத்திபோர், பெல்கிரேட். கடைசி நாளுக்கு முந்தைய இரவு ஸ்லாத்திபோரிலேயே தங்குங்கள். எல்லையில் எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாத நாளில் விமானத்தைப் பிடிக்க நினைக்கக் கூடாது.

உரசினால், மோதினால்

வண்டியில் சின்னக் கீறல் விழுந்தாலும் போலீஸ் அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடையாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. வாகன நிறுத்தத்தில் யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தாலும் இதே கதை. வண்டியை நகர்த்தாமல் படம் எடுங்கள், செர்பியாவில் 192க்கு அழையுங்கள். போஸ்னியாவிலும் மான்டினீக்ரோவிலும் 122. ஆம்புலன்ஸ் செர்பியாவில் 194, மற்ற இரண்டிலும் 124. செர்பியச் சாலையில் வண்டி நின்றுபோனால் ஆட்டோ மோட்டோ சங்கத்தின் உதவி எண் 1987. வாடகைக்காரருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். போலீஸ் எழுதும் ‘ஸாபிஸ்னிக்’ தாளின் நகலை வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். புரியாத மொழித் தாளில் கையெழுத்துக் கேட்டால் செல்பேசிக் கேமராவை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்துப் பார்க்கும் அளவுக்கு அவர்கள் பொறுமை உள்ளவர்கள்தான்.

திருப்பித் தரும்போது

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது வண்டியோடு விமான நிலையத்தில் இருங்கள். வரும் வழியிலேயே பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சேறு அப்பியிருந்தால் கழுவிவிடுங்கள், சேற்றுக்கு அடியில் கீறல் இருக்கலாம் என்று சொல்லிச் சோதனையை இழுத்தடிப்பார்கள். பகல் வெளிச்சத்தில், அவர்கள் ஆள் எதிரில், எடுத்தபோது செய்ததுபோலவே ஒரு காணொளி. பிறகு ‘சேதம் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்து. நள்ளிரவில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால் எரிபொருள் முள்ளையும் வண்டி நிற்கும் இடத்தையும் படம் எடுத்து அங்கிருந்தே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

முடக்கிய டெபாசிட் திரும்ப இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை படங்களையும் ரசீதுகளையும் அழிக்காதீர்கள், கார்டையும் மூடாதீர்கள்.